'ஸ்கேனில் ஒன்றும் இல்லை' என்ற பிறகு

2024 பிப்ரவரி 11 – வாசகர் கேள்வி

என் அண்ணனுக்கு இரண்டு ஆண்டுகளாக வலது கையில் வலிமை குறைந்துகொண்டே வருகிறது. விரல்களை முழுமையாக நீட்ட முடியவில்லை. சட்டைப் பொத்தான் போடவும் சாவியைத் திருப்பவும் திணறுகிறார். குளிரில் கை இன்னும் மோசமாகிறது. வலியோ மரத்துப்போதலோ இல்லை. மூளைக்கும் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், இரத்தப் பரிசோதனைகளும் செய்தார்கள். எல்லாம் சரியாக இருப்பதால் இது மன அழுத்தம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் சரியாக இருந்தால் நரம்பு நோய் இல்லை என்பது உண்மைதானா?

2024 பிப்ரவரி 11, இரவு – நரம்பியல் மருத்துவராக என் பதில்

உண்மை அன்று. எம்.ஆர்.ஐ. உடலின் அமைப்பைக் காட்டும் படம். நரம்பு வழியே செய்தி போய்ச் சேர்கிறதா, எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதை அது காட்டாது. அமைப்பு கெடாமல் இயக்கம் மட்டும் கெடும் நோய்கள் நரம்பியலில் ஏராளம். வலிப்பு நோய் உள்ளவர்களில் பலருக்கு மூளைப் படம் பழுதின்றி இருக்கும். மயஸ்தீனியா எனப்படும் தசைச் சோர்வு நோயில் கோளாறு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் இருப்பதால், மூளையை எத்தனை முறை படம் எடுத்தாலும் விடை கிடைக்காது.

படம் எடுக்கும்போது உடல் எந்த நிலையில் இருந்தது என்பதும் முக்கியம். ஜப்பானிய நரம்பியல் மருத்துவர் கெய்சோ ஹிராயாமா 1959-இல் விவரித்த ஒரு நோயில், இளைஞர்களுக்கு, பெரும்பாலும் ஆண்களுக்கு, ஒரு பக்கத்துக் கையின் தசைகளும் முன்கைத் தசைகளும் மெல்லக் கரைகின்றன. தலையைக் குனியும்போது தண்டுவடத்தின் உறை முன்னோக்கி நகர்ந்து தண்டுவடத்தை முள்ளெலும்போடு சேர்த்து அழுத்துவதே காரணம். மல்லாந்து படுத்து, கழுத்தை நேராக வைத்து எடுக்கும் வழக்கமான படத்தில் அந்த அழுத்தம் தெரியாமலே போகலாம். குளிரில் விரல்கள் வேலை செய்ய மறுப்பது இந்நோயில் நன்கு அறியப்பட்ட அடையாளம். உங்கள் அண்ணனுக்குக் கழுத்தை முன்னால் வளைத்த நிலையில் மறுபடியும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மன அழுத்தம் என்ற முடிவைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

2024 பிப்ரவரி 12

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அண்ணனின் மூன்று ஆண்டுக்கு முந்தைய கையெழுத்தையும் இப்போதைய கையெழுத்தையும் எடுத்துச் செல்லுங்கள். குளிரில் விரல்கள் மடங்கி நிற்பதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மருத்துவரின் அறை கதகதப்பாக இருந்தால் அங்கே அந்தக் குறை பாதியாகத்தான் தெரியும்.

2024 பிப்ரவரி 14

படமும் இரத்தமும் சரியாக இருந்து, நோய் மட்டும் கடுமையாக இருந்த நோயாளியை நானே பார்த்ததுண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பலரைப் பார்த்திருக்கிறேன். என் மனத்தை விட்டு அகலாத ஒருவரைப் பற்றி, அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண். ஒரு வாரம் தலைவலியும் இலேசான காய்ச்சலும் இருந்தன. பிறகு தூக்கம் போயிற்று. உடன் பணிபுரிபவர்கள் தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்லத் தொடங்கினார். ஒரே சொற்றொடரை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார். மனநலப் பிரிவில் சேர்த்தார்கள். மூளைப் படம் பழுதற்றிருந்தது. மனப்பிறழ்வுக்கான மருந்து கொடுத்த மூன்றாம் நாள் உடல் விறைத்தது. மருந்தின் பக்கவிளைவு என்று கருதி அதை நிறுத்தினார்கள். விறைப்பு போகவில்லை. அவரைப் பார்த்த மூன்றாவது மருத்துவர் நான்.

நோயைக் காட்டிக் கொடுத்தது அவருடைய அக்கா சொன்ன ஒரு வாக்கியம்: "கண்ணைத் திறக்காமல் கிடக்கும்போதும் இவள் வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டே இருக்கிறது." மன நோயில் காணக்கூடியதன்று அது. பக்கத்தில் அமர்ந்து இருபது நிமிடம் பார்த்தேன். உதடு சுழித்தது, நாக்கு தள்ளியது, விரல்கள் எதையோ பின்னுவதுபோல் அசைந்தன. நாடித்துடிப்பு காரணமின்றி ஏறி இறங்கியது. இ.இ.ஜி. பதிவில் மூளை அலைகள் இருக்க வேண்டிய வேகத்தைவிட மிக மெதுவாக இருந்தன. முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரில் வெள்ளணுக்கள் சற்றே கூடியிருந்தன, மூளைச் செல்கள் செய்தி வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் அதே நீரில் உறுதியானது. சூலகத்தில் டெரட்டோமா என்னும் கட்டி இருந்தது. அந்தக் கட்டியில் நரம்புத் திசு இருக்கும். அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள், மூளையில் உள்ள அதே வகை ஏற்பிகளையும் தாக்கிவிடுகிறது.

கட்டியை அகற்றி, உடலின் தவறான எதிர்ப்பை அடக்க ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்து, பிறகு ரிட்டுக்சிமாப் கொடுத்து, மூன்று மாதம் மருத்துவமனையில் வைத்திருந்தோம். முதலில் அவருடைய கண்கள் நம்மைப் பின்தொடரத் தொடங்கின. பிறகு விறைப்பு தளர்ந்தது. சொற்கள் கடைசியாகத்தான் வந்தன. நோயின் தொடக்கத்திலிருந்து நடந்த எதுவும் இன்றுவரை அவருக்கு நினைவில் இல்லை.

நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் டால்மாவின் குழு இந்த எதிர்ப்பொருளை 2007-இல் அடையாளம் கண்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நான் பயிற்சியில் இருந்தபோது, ஏறக்குறைய இதே வரிசையில் அறிகுறிகள் வந்த ஒரு பெண் எங்கள் பிரிவில் இறந்துபோனார். 'காரணம் அறியப்படாத மூளை அழற்சி' என்று எழுதினோம். 2007-க்குப் பிறகு டால்மா குழுவின் கட்டுரையைப் படித்தபோது, அந்தப் பெண்ணின் வாயசைவு எனக்கு நினைவுக்கு வந்தது. எதிர்ப்பொருளை அறிய அப்போது வழியில்லை. சூலகத்தைப் படம் எடுக்க வழியிருந்தது, எங்களுக்கு அது தோன்றவில்லை.

2024 பிப்ரவரி 15

அப்படியானால் மனப்பிறழ்வு வரும் ஒவ்வொருவருக்கும் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டுமா என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. வேண்டியதில்லை. நாள்களிலோ ஓரிரு வாரங்களிலோ விரைந்து முற்றுவது, முன்னதாகக் காய்ச்சலும் தலைவலியும் இருந்தது, வலிப்பு, பேச்சு அடங்கிப்போவது, வாயும் கைகளும் தாமாக அசைவது, இரத்த அழுத்தமும் நாடியும் தறிகெடுவது, மனநோய் மருந்துக்கு உடல் மிகையாக விறைப்பது ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்த, இவை எதுவும் இல்லாத மனப்பிறழ்வுக்கு முதலில் தேவை நல்ல மனநல மருத்துவர்.

2024 பிப்ரவரி 19 – பிப்ரவரி 11 குறிப்புக்குத் திருத்தம்

முதல் கேள்வியைக் கேட்டவர் இரண்டு விவரங்களைச் சேர்த்திருக்கிறார். அண்ணனுக்குக் குறை தொடங்கியது 34 வயதில். இரண்டு கைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. வலது கை பெரிதாக மெலியவில்லை.

இந்த இரண்டையும் கேட்காமல் நான் ஹிராயாமா நோயின் பெயரைச் சொன்னது தவறு. அந்நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தொடங்கும்; அதில் தசை கரைவது கண்ணுக்கே தெரியும். வலிமை வெகுவாகக் குறைந்தும் தசை கரையாமல் இருந்தால், நரம்பு இழை செத்துவிடவில்லை, அதன் வழியே செய்தி போவதுதான் நடுவில் தடைபடுகிறது என்று முதலில் எண்ண வேண்டும். குளிரை வைத்து ஹிராயாமா பக்கம் சாய்ந்தேன். ஆனால் குளிரில் பலவீனம் கூடுவது இன்னொரு நோயிலும் மிகப் பரவலாக உண்டு, அதை மறந்திருக்கக் கூடாது.

பலகுவிய இயக்க நரம்பு நோய் என்று அதைச் சொல்லலாம், மருத்துவர்கள் எம்.எம்.என். என்பார்கள். ஆண்களுக்குப் பெண்களைவிட ஏறத்தாழ 3 மடங்கு வருகிறது. பெரும்பாலும் 50 வயதுக்குள் தொடங்குகிறது. ஒரு கையின் விரல்களை நீட்ட முடியாமலோ, மணிக்கட்டு தொங்கியோ ஆரம்பித்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும். உணர்ச்சி நரம்புகளை அது பாதிப்பதில்லை. ஆகவே மரத்துப்போகாது, வலிக்காது. உங்கள் முதல் கேள்வியிலேயே இவை அத்தனையும் இருந்தன.

எம்.ஆர்.ஐ.யைவிட முன்னதாகச் செய்ய வேண்டியது நரம்புக் கடத்தல் சோதனை. மணிக்கட்டிலும், முழங்கையிலும், மேற்கையிலும், கழுத்தின் அடியிலும் நரம்பை மின்சாரத்தால் தூண்டி, கைத் தசையில் கிடைக்கும் அலையின் உயரத்தை ஒப்பிடுவார்கள். மணிக்கட்டில் தூண்டும்போது உயரமாகவும், மேலே தூண்டும்போது பாதிக்கும் கீழாகவும் அலை இருந்தால், இரண்டு இடங்களுக்கும் நடுவில் தடை இருக்கிறது. அதே இடத்தில் உணர்ச்சி நரம்பு தடையின்றி இயங்கினால் நோய் ஏறக்குறைய உறுதி. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மட்டும் அளந்துவிட்டு எழுதும் அறிக்கை போதாது. தடை அதற்கு மேலே இருக்கலாம்.

இந்நோயில் ஒரு பெரிய அச்சம் எப்போதும் கூடவே வரும். வலியின்றிக் கை பலவீனமாவதைப் படித்துப் பார்ப்பவர்கள் ஏ.எல்.எஸ். என்ற இயக்க நரம்பணு நோயில் போய் நிற்பார்கள். உங்கள் அண்ணனும் நின்றிருப்பார். அதில் பலவீனமான கையிலேயே அனிச்சை எதிர்வினை மிகுந்திருக்கும், தசை விரைந்து கரையும், பேச்சும் விழுங்குதலும் பாதிக்கப்படலாம். எம்.எம்.என். உயிரைப் பறிக்கும் நோயன்று. அதற்கு மருந்து உண்டு.

கழுத்தை வளைத்து எம்.ஆர்.ஐ. எடுப்பதில் தீங்கில்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

2024 பிப்ரவரி 20

அவசரமாக ஒன்று. முடிவு தெரியும் முன்பே 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஸ்டீராய்டு தொடங்க விடாதீர்கள். எம்.எம்.என். நோயில் ஸ்டீராய்டு பயன் தருவதில்லை; சிலருக்குப் பலவீனத்தைக் கூட்டிவிடுகிறது. நரம்பு அழற்சி என்று சொன்னதும் ஸ்டீராய்டை நோக்கிக் கை போவது நம் தொழிலின் பழக்கம். இந்த ஒரு நோயில் அந்தப் பழக்கம் கேடு செய்யும்.

2024 பிப்ரவரி 26

மன அழுத்தம் என்று சொல்லி அனுப்பிய விஷயத்துக்கு வருகிறேன்.

'ஸ்கேன் சரியாக இருக்கிறது, ஆகவே மனத்தில்தான்' என்ற வாதத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவதை மேலே எழுதிவிட்டேன். இரண்டாவது பிழை அதைவிட ஆழமானது: இயக்கவியல் நரம்புக் கோளாறு என்று இன்று நாம் சொல்லும், நரம்புப் பாதை கெடாமல் அதைப் பயன்படுத்தும் திறன் மட்டும் எட்டாமல் போகும் நிலை, முன்பு ஹிஸ்டீரியா என்று இழித்துப் பேசப்பட்ட நிலை, பிற நோய்கள் இல்லை என்பதால் மட்டும் முடிவு செய்யப்படுவதன்று. அதற்கே உரிய அடையாளங்கள் உண்டு, அவற்றைத் தேடிக் கண்டாக வேண்டும்.

சார்லஸ் ஹூவர் 1908-இல் விவரித்த சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு காலைத் தூக்கும்போது மறு காலின் குதிகால் தானாகவே படுக்கையை அழுத்தும்; இது எல்லோருக்கும் உள்ள இயல்பு. பலவீனமான காலைக் கீழே அழுத்துங்கள் என்று கேட்டால் நோயாளியால் முடியாது. நல்ல காலை, என் கையின் எதிர்ப்பை மீறித் தூக்கச் சொன்னால், அந்தப் பலவீனமான கால் முழு வலிமையோடு படுக்கையை அழுத்துகிறது. நரம்போ தசையோ அழிந்திருந்தால் இது நடக்காது. ஆகவே பாதை கெடவில்லை, அந்தப் பாதையை விருப்பத்தோடு பயன்படுத்தும் திறன்தான் நோயாளிக்கு எட்டாமல் போயிருக்கிறது.

இதை நான் நோயாளியிடம் மறைப்பதில்லை. சோதனையை அவருக்கே செய்து காட்டி, "உங்கள் கால் இப்போது எவ்வளவு வலிமையாக அழுத்தியது என்று நீங்களே உணர்ந்தீர்கள் அல்லவா? அந்த வலிமை போய்விடவில்லை, அதை மீட்கலாம்" என்று சொல்வேன். 'நீ நடிக்கிறாய்' என்று யாரோ முன்பு சொன்ன சொல்லைச் சுமந்துகொண்டு வந்தவர்கள் அந்த நேரத்தில் அழுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு தொடங்கும் பயிற்சிச் சிகிச்சையில் அவர்களுக்கு நம்பிக்கை இருக்கிறது.

இந்த முடிவு அடிக்கடி பொய்த்துப் போகும் என்று அஞ்சுபவர்கள் 1965-இல் மனநல மருத்துவர் எலியட் ஸ்லேட்டர் எழுதியதை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். ஹிஸ்டீரியா என்று முத்திரை குத்தப்பட்டவர்களைப் பல ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்து, அவர்களில் பலருக்கு வேறு நோய் வெளிப்பட்டதை அவர் காட்டினார். அந்த எச்சரிக்கை அந்தக் காலத்துக்குத் தேவையானது. ஜான் ஸ்டோனும் உடனாய்வாளர்களும் 2005-இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தவறான முடிவுகள் 1950-களில் 29 விழுக்காடாக இருந்து, 1970-களிலிருந்து 4 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தன.

ஆகவே உங்கள் அண்ணனுக்குச் சொல்லப்பட்டதில் என் மறுப்பு இதுதான்: அவருக்கு இயக்கவியல் கோளாறின் எந்த நேரடி அடையாளம் காணப்பட்டது? ஒன்றும் காணப்படவில்லை என்றால் அந்த முடிவு ஒரு முடிவே அன்று.

2024 மார்ச் 2

வலிப்பு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் தவறாக மருந்து கொடுப்பது நடக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். நடக்கிறது. நரம்பியலில் நாங்கள் அதிகம் செய்யும் பிழைகளுள் ஒன்று அது.

மயங்கி விழுபவரின் கை கால்கள் உதறும் என்பது பலருக்குத் தெரியாது. ஜெர்மனியில் தாமஸ் லெம்பெர்ட்டும் உடனாய்வாளர்களும் 1994-இல் நலமான தன்னார்வலர்களுக்கு வேண்டுமென்றே மயக்கம் வரவழைத்துப் படமெடுத்தார்கள். முழு மயக்கம் அடைந்த 42 பேரில் 90 விழுக்காட்டினருக்கு உடல் உதறியது. கண்கள் திறந்தே இருந்தன, மேலே செருகின. மயக்கம் சராசரியாக 12 விநாடி நீடித்தது. இவர்களில் எவருக்கும் வலிப்பு நோய் இல்லை. இதே காட்சியை வீட்டில் பார்ப்பவர் வலிப்பு என்றுதான் சொல்வார். பதறியவருக்கு 12 விநாடி ஐந்து நிமிடமாகத் தோன்றும்.

என்னிடம் வந்த ஒரு பதின்ம வயதுப் பெண் நான்கு ஆண்டுகள் வலிப்பு மருந்து சாப்பிட்டிருந்தார். இ.இ.ஜி.யில் பொருள் தெளிவில்லாத ஒரு சிறு மாற்றம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மருந்தை இருமுறை கூட்டியிருந்தார்கள். எப்போதெல்லாம் விழுந்தார் என்று தேதி வாரியாகக் கேட்டேன். மூன்று முறை விடியற்காலை, அலாரம் அடித்த நேரத்தில்; ஒரு முறை தொலைபேசி மணி அடித்தபோது. திடீர் ஒலியில் சாய்ந்து விழுவது இதயத் துடிப்புக் கோளாற்றில் வருவது. இ.சி.ஜி. எடுத்தோம். ஒரு துடிப்பில் இதயத்தின் மின்செயல் முடிய ஆகும் நேரமான கியூ.டி. இடைவெளி மிக நீண்டிருந்தது. பரம்பரையாக வரும் அந்த நீள் கியூ.டி. நோயை மாத்திரை கொண்டு கட்டுப்படுத்தலாம். கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் எழாமலே போகலாம். நான்கு ஆண்டுகளில் ஒருவரும் இ.சி.ஜி. எடுக்கவில்லை.

முதன்முறை நினைவிழந்து விழும் ஒவ்வொருவருக்கும் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். இதில் விதிவிலக்கே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2024 மார்ச் 3 – பிப்ரவரி 14 குறிப்புக்குத் திருத்தம்

சூலகக் கட்டியைப் பற்றி நான் எழுதியதைப் படித்து, அந்நோய் உள்ள எல்லோருக்கும் கட்டி இருக்கும் என்று ஒருவர் புரிந்துகொண்டிருக்கிறார். பிழை என் எழுத்தில்தான். 2007-இல் முதலில் விவரிக்கப்பட்ட 12 பெண்களுக்கும் டெரட்டோமா இருந்தது என்பது சரி. ஆனால் 2013-இல் 577 பேரை ஆராய்ந்தபோது 38 விழுக்காட்டினருக்கே கட்டி இருந்தது. குழந்தைகளிலும் ஆண்களிலும் அது அரிது. கட்டி இல்லை என்பதால் நோய் இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

இரத்தத்தில் மட்டும் எதிர்ப்பொருளைத் தேடுவதும் போதாது. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு இரத்தத்தில் தென்படாமல் முதுகுத் தண்டு நீரில் மட்டும் தென்படும்.

2024 மார்ச் 9

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மற்றவர்கள் தவறவிட்டதைப் பற்றியே மேலே எழுதிவந்திருக்கிறேன். நான் தவறவிட்டதையும் எழுதுவதுதான் நேர்மை.

பதினேழு வயது மாணவன். கையெழுத்து கெட்டுவிட்டது, மதிப்பெண் இறங்கிவிட்டது, சிறு விஷயத்துக்கும் கோபம் வருகிறது என்று தாய் அழைத்துவந்தார். கையில் இலேசான நடுக்கம். பேச்சு கொஞ்சம் குழறியது. மூளைப் படத்தை வேறோர் இடத்தில் எடுத்து 'இயல்பு' என்று எழுதியிருந்தார்கள். அறிக்கையைப் படித்தேன், படத்தை எடுத்துப் பார்க்கவில்லை. தேர்வுப் பதற்றம் என்று சொல்லி, நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதி அனுப்பினேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஆறு மாதம் கழித்து அவனை மறுபடி பார்த்தபோது வாயோரம் எச்சில் வழிந்தது. கையை நீட்டினால் பறவை இறக்கை அடிப்பதுபோல் அடித்தது. கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்நோக்கி வழியே பார்த்ததும் கருவிழியின் ஓரத்தில் பழுப்புநிற வளையத்தைக் கண்டார். கைசர்-பிளைஷர் வளையம். 1912-இல் கின்னியர் வில்சன் விவரித்த நோய் இது; ஏ.டி.பி.7பி என்ற மரபணு கெட்டு, உடல் செம்பை வெளியேற்ற முடியாமல், அது ஈரலிலும் மூளையிலும் கண்ணிலும் படிகிறது. நரம்பு அறிகுறிகள் வந்துவிட்டவர்களில் ஏறக்குறைய அனைவருக்கும் அந்த வளையம் இருக்கும். பழுப்புக் கண்களில் வெறும் பார்வைக்கு அது புலப்படாது. அதனால்தான் ஸ்லிட் லேம்ப். சிறுநீரில் செம்பு மிகுந்திருந்தது, இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் குறைந்திருந்தது. பழைய படத்தை அப்போதுதான் தேடி எடுத்துப் பார்த்தேன். மூளையின் உட்கருக்களில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் மாற்றம் இருந்தது. இரு பக்கமும் ஒத்திருந்ததால் முதலில் படித்தவர் கண்ணுக்கு அது படவில்லை.

செம்பை வெளியேற்றும் மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினோம். விரைந்து கூட்டினால் நரம்பு அறிகுறிகள் முற்றக்கூடும். அவன் இப்போது வேலை பார்க்கிறான். பேச்சு முழுவதும் திரும்பவில்லை. அந்த ஆறு மாதம் என் கணக்கில் இருக்கிறது. அவனுடைய தங்கைக்கும் பரிசோதனை செய்தோம். உடன்பிறந்தவருக்கு இந்நோய் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அவளுக்கும் இருந்தது. அறிகுறி வருமுன்பே மருந்து தொடங்கியதால் அவள் நலமாக இருக்கிறாள்.

40 வயதுக்குள் நடுக்கமோ, பேச்சுக் குழறலோ, விளங்காத உடலசைவோ வந்தால் வில்சன் நோய் இல்லை என்று உறுதிசெய்யாமல் இன்று நான் யாரையும் அனுப்புவதில்லை.

2024 மார்ச் 10

அறிகுறி எந்த நேரத்தில் கூடுகிறது என்பது ஒரு முழுச் சோதனைக்கு நிகரானது. காலையில் திறந்திருக்கும் இமை மாலையில் இறங்கினால் மயஸ்தீனியா. காலையில் ஓடும் குழந்தை மாலையில் கால்களை இழுத்து நடந்தால், மசாயா செகாவா 1970-களில் விவரித்த நோயாக இருக்கலாம். பெருமூளை வாதம் என்று பெயர் சூட்டப்பட்ட அத்தகைய குழந்தைகள் சிறிதளவு லெவோடோப்பா என்ற மருந்தைக் கொடுத்ததும் நடந்திருக்கிறார்கள்.

2024 மார்ச் 17

பாட்டிக்கு யாருமில்லாத அறையில் சிறு மனிதர்கள் தெரிகிறார்கள், பேத்தி கேட்கிறார், மறதி நோயா என்று. பாட்டிக்கு விழித்திரைக் கெடுதி இருக்கிறது, அவர்கள் உண்மையில்லை என்று அவரே சொல்கிறார், அவர்கள் பேசுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இது பெரும்பாலும் சார்ல் பொனே நோய்க்குறி. 1760-இல் சார்ல் பொனே, பார்வை மங்கிய தம் 89 வயதுத் தாத்தாவுக்கு இவ்வாறு உருவங்கள் தெரிந்ததைப் பதிவு செய்தார். கண்ணிலிருந்து செய்தி குறையும்போது மூளையின் பார்வைப் பகுதி தானே படங்களை உண்டாக்குகிறது. பாட்டியிடம் "உங்களுக்கு மனம் கெடவில்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இவர்களில் பலர் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தில் மாதக்கணக்கில் மறைத்து வைக்கிறார்கள். அந்த உருவங்களை உண்மை என்று நம்பத் தொடங்கினாலோ, நடை மெதுவாகி உடல் விறைத்தாலோ, அது வேறு நோய். தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

2024 மார்ச் 30

முதல் கேள்வியைக் கேட்டவர் முடிவுகளை அனுப்பியிருக்கிறார். கழுத்தை வளைத்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அழுத்தம் எதுவும் இல்லை. நரம்புக் கடத்தல் சோதனையில் வலது கையின் இரண்டு நரம்புகளில், முன்கையில் ஒன்றும் மேற்கையில் ஒன்றுமாக, தடை இருக்கிறது. அதே இடங்களில் உணர்ச்சி நரம்பு பழுதின்றி இருக்கிறது. எம்.எம்.என். நோயில் தேடப்படும் ஜி.எம்.1 எதிர்ப்பொருள் இரத்தத்தில் இல்லை என்று வந்ததால் இது அந்நோய்தானா என்று ஐயப்படுகிறார்.

ஐயம் வேண்டாம். அந்த எதிர்ப்பொருள் இந்நோயுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே இருக்கும். இருந்தால் முடிவுக்கு வலுச் சேர்க்கும். இல்லாததால் முடிவு மாறாது.

இம்யூனோகுளோபுலின் ஐந்து நாளாகப் பிரித்துக் கொடுத்து முடித்து, பன்னிரண்டாம் நாள் அவர் சாவியைத் தானே திருப்பினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

இனி நடக்கப்போவதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மருந்தின் பலன் சில வாரங்களில் தேயும், பலவீனம் திரும்பும், அப்போது அண்ணன் நோய் முற்றிவிட்டது என்று எண்ணிக் கலங்குவார். அது மருந்து தீர்ந்ததன் அடையாளம். பெரும்பாலானோருக்கு இம்மருந்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். எத்தனை வாரம் என்பதை அவருடைய கைதான் சொல்ல வேண்டும். பிடிவலிமையை அளக்கும் கருவி கிடைத்தால், வாரம் இருமுறை ஒரே நேரத்தில், மூன்று முறை அழுத்திப் பார்த்து, மூன்று எண்களையும் தேதியோடு குறித்து வையுங்கள். விரல் நீட்டுவதை அந்தக் கருவி அளக்காது; அதற்கு வாரம் ஒரு காணொளி போதும். எந்த நாளில் எண் இறங்கத் தொடங்குகிறதோ அதற்குச் சற்று முன்னதாக அடுத்த மருந்து விழ வேண்டும்.

இன்னும் ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். இடது கையின் நரம்புகளையும் அளந்தார்களா? அவருக்கு அங்கே குறை எதுவும் தெரியாமல் இருக்கலாம். குறை தெரியாத நரம்பிலும் இந்நோயில் தடை இருப்பதுண்டு. இப்போதே ஒரு பதிவு கையில் இருந்தால், அடுத்த ஆண்டு அந்தக் கையில் ஏதேனும் மாற்றம் தென்பட்டால் எதனோடு ஒப்பிடுவது என்று அலைய வேண்டியிராது. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தையும் அனுப்புங்கள்.